நீக்கிலாப்பிள்ளையின் ஒன்றரைப் பவுன் சன்னம்

என் அத்தான் நீக்கிலாப்பிள்ளைக்குத் தெரியாத விடயம் என்று மொன்றியலில் ஒன்றும் கிடையாது. கார் எஞ்சின், ஹொக்கி, பாப்பரசர் தேர்தல், பிள்ளைத்தாய்ச்சி எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது, எல்லாவற்றிலும் கடைசிச் சொல் அவருடையதுதான். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கிற நேரத்தில், பிரசங்கத்தில் விட்ட பிழைகளைப் பாதருக்கே எடுத்துச் சொல்கிற மனிதர். என் அக்கா றோசலின் இருபத்திரண்டு வருடமாக இந்த வானொலியோடு குடித்தனம் நடத்துகிறாள். நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறதென்று அவளுக்கும் தெரியாது.

அவருக்கு வேலை துறைமுகத்துக்குப் பக்கத்தில், கிழக்குப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில். கப்பலில் வந்த கொன்ரெய்னர்களைத் திறந்து சாமான் இறக்குகிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கியூபெக் வெள்ளைக்காரர்கள். அவர்கள் வாயில் நீக்கிலாப்பிள்ளை நுழையாததால் 'நிக்கோலா' ஆக்கிவிட்டார்கள். கோபம் வந்தால் அவர்கள் திட்டுகிற வார்த்தைகள் எல்லாம் கோவில் சாமான்கள்: நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம், அப்பம். அத்தான் அந்தப் பட்டியலை ஆறு மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். ஒருநாள் வீட்டில் கால்விரல் கதவில் இடிபட்டபோது முழுப்பட்டியலையும் ஒப்புவித்தார். அக்கா அன்றைக்கே அவரைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினாள்.

அந்தக் களஞ்சியத்தில் ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. தலைவர் கஸ்தோன். அறுபத்திரண்டு வயது, மீசை, பெரிய வயிறு, நாற்பது வருட வேட்டை அனுபவம். ஒவ்வொரு ஒக்ரோபரும் இந்த ஆறு பேரும் ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு லா துயுக்குக்கு வடக்கே காட்டுக்குள் மூஸ் வேட்டைக்குப் போய்விடுவார்கள். மூஸ் என்றால் மான் சாதிதான். ஆனால் பக்கத்தில் நின்றால் நம்முடைய எருமை அதற்குக் கன்றுபோல இருக்கும். அந்தக் கிழமை முழுக்க அவர்களுடைய வேலையையும் சேர்த்துச் செய்கிறவர் அத்தான். பதினொரு வருடம் செய்தார். திரும்பி வந்து அவர்கள் சொல்கிற கதைகளைப் பதினொரு வருடம் கேட்டார். ஊருக்கே கதை சொல்கிற மனிதர், வாயைத் திறக்க வழியில்லாமல் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் குந்தியிருந்தார். அந்த வேதனை எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும்.

2006 மாசியில் ஆறு பேரில் ஒருவருக்கு இருதய ஒப்பரேஷன் நடந்தது. இடம் ஒன்று காலியானது. றெஜான் என்பவன், அந்தக் கூட்டத்தின் பகிடிக்காரன், அத்தானின் தோளில் தட்டினான்.

"நிக்கோலா, நீ வாறியா? உன் மட்டன் றோல்ஸ் இருந்தால் போதும். சமையல் உன் பொறுப்பு."

அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. "சமைக்க நான் வரேல்லை. வந்தால் துவக்கோடைதான் வருவன்" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். கஸ்தோன் மீசையைத் தடவிவிட்டுத் தங்கள் சட்டத்தைச் சொன்னார். புரட்டாதியில் ஜொலியெற் பக்கத்தில் கிறவல் மண் அள்ளிய பழைய கிடங்கு ஒன்றில் கடதாசிக் கோப்பை ஒன்றை நூறு மீற்றரில் குத்தி வைப்பார்கள். புதிதாக வருகிறவன் மூன்று சூடு சுடவேண்டும். மூன்றும் கோப்பைக்குள் விழுந்தால் அவன் வேட்டைக்காரன். ஒன்று வெளியே போனாலும் அவன் சமையல்காரன், அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

அத்தான் வேட்டைப் படிப்பைப் படித்தார், பரீட்சை எழுதினார், துவக்கு வைத்திருக்கிற லைசன்சும் வந்து சேர்ந்தது. பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. எந்தத் துவக்கு? எந்த ரவை? சன்னம் எத்தனை கிறெயின்?

சன்னம் என்பது ரவையின் நுனியில் இருந்து பாய்கிற ஈயக்குண்டு, கிறெயின் என்பது அதன் எடை. நம்முடைய ஆட்களில் யாருக்கும் அது தெரியாது. தெரியாதது ஒருவரையும் தடுக்கவில்லை. ஊரில் கோழியைக்கூட வேறு ஆளைக் கொண்டு வெட்டுவித்தவர்கள் எல்லாம் மண்டபத்தில் கோப்பிக் கிண்ணத்தோடு நின்று வேட்டை ஆலோசனை சொன்னார்கள். கணக்காளர் விமலநாதன் இன்ரநெற்றில் இருந்து நாற்பது பக்கம் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அது முழுக்க அமெரிக்க மலைகளில் எல்க் என்கிற பெரிய மானை ஒரு மலையில் நின்று அடுத்த மலையில் சுடுவது பற்றியது. நானூறு கெஜத் தூரம், மருந்து கூடிய மக்னம் ரவை, இருநூறு கிறெயின் சன்னம் என்று அதில் எழுதியிருந்தது. கியூபெக் காட்டில் மரங்கள் இருக்கிற நெருக்கத்துக்கு எழுபது மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது என்பதை விமலநாதனும் யோசிக்கவில்லை, அத்தானும் யோசிக்கவில்லை.

என் பங்கும் இதில் உண்டு, ஒளிக்க மாட்டேன். எனக்கு ஜோன்-தலோன் பக்கத்தில் ஒரு நகைக்கடையில் வேலை. ஒரு சனிக்கிழமை அத்தான் அந்த நாற்பது பக்கத்தோடு வந்து என் கவுன்ரரில் சாய்ந்தார்.

"பற்றிக், உந்தக் கிறெயினைப் பவுனுக்கு மாத்திச் சொல்லடா. அப்பத்தான் விளங்கும்."

கல்குலேற்றரைத் தட்டிப் பார்த்துச் சொன்னேன். நூற்றிநாற்பது கிறெயின் என்றால் ஒரு பவுனும் ஒரு கிராமும். நூற்றியெண்பது என்றால் ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இருநூறு என்றால் ஒன்றரைப் பவுனைத் தாண்டும்.

அத்தானின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, ஏனென்றால் அந்த வெளிச்சத்தை நான் நாள் முழுக்கக் கடையில் பார்க்கிறவன். தாலிக்கொடி எடுக்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் வருகிற வெளிச்சம் அது. பாரம் கூடினால் மதிப்புக் கூடும். குறைந்த பவுனில் எடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

"ஒரு பவுன் சன்னத்தோடை போய் நிண்டால் மானம் போகும்" என்றார் அத்தான். "ஒண்டரைக்குக் குறைய நான் தொடமாட்டன்."

புவாண்ட்-கிளேரில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரன் நல்லவன், ஐம்பது வயது இருக்கும். அத்தானின் உடம்பை மேலும் கீழும் பார்த்தான். ஐந்தடி நாலங்குலம், அறுபது கிலோ, அதில் பாதி வாய்.

"முதல் துவக்கா? காட்டுக்குள் மூஸுக்கு 7 எம்.எம்.-08 எடுங்கள். நூற்றிநாற்பது கிறெயின், நல்ல சன்னமாகப் போடுங்கள். நெஞ்சில் சரியான இடத்தில் விழுந்தால் அதற்குமேல் தேவையில்லை. மகளுக்கும் அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். இல்லை, கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் .30-06 இருக்கிறது, நூற்றியெண்பது கிறெயின்."

மகளுக்கு என்ற சொல் வந்ததும் கதை முடிந்தது. அத்தான் .300 மக்னத்தை எடுத்தார். இருநூறு கிறெயின் ரவை நாலு பெட்டி. கஸ்தோன் பாவிப்பதும் அதுதான் என்று காரில் வரும்போது என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

முதல் சூடு ஆவணியில், துவக்குப் பழகுகிற மைதானம் ஒன்றில். அக்கா சாப்பாட்டுப் பெட்டியோடு பின்னால் வாங்கில் இருந்தாள். அத்தான் குந்தினார், குறி பார்த்தார், விசையை இழுத்தார். சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. துவக்கு பின்னுக்கு வந்து, அதன் மேலிருந்த ஸ்கோப், குறி பார்க்கிற கண்ணாடிக் குழாய், அவருடைய புருவத்தைப் பிறை வடிவத்தில் வெட்டிவிட்டது. கோவில் சாமான் பட்டியல் முழுக்க ஒரு தடவை வெளியே வந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு பஞ்சை எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு பிளாஸ்ரரோடு பூசைக்குப் போனார். "வேட்டைக்காரனுக்கு உது சகஜம்" என்று பாதரிடமே சொன்னார். ஆனால் அந்தச் சூட்டோடு அவருக்குள் ஏதோ ஒன்று கெட்டுவிட்டது. அதற்குப் பிறகு நாலு கிழமை போய் எழுபது ரவை சுட்டிருப்பார். கோப்பையில் விழுந்தவற்றை ஒரு கை விரலில் எண்ணலாம். காற்று என்றார். ஸ்கோப் சரியில்லை என்றார். கோப்பை அசைகிறது என்றார். நானும் தலையாட்டினேன், எனக்கென்ன தெரியும்?

கண்டுபிடித்தது அக்காதான். அவள் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க ஊசி போடுகிற நேரத்தில் கிழவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள்.

"இஞ்சருங்கோ" என்றாள். "நீங்கள் சுட முதலே கண்ணை மூடுறியள்."

"உமக்கென்ன விசரே? கண்ணை மூடிப்போட்டு ஆரும் சுடுவினமே?"

மைதானத்துக்குப் பொறுப்பான மனிதர் இந்தச் சண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். துவக்கை வாங்கித் தானே ரவை போட்டுக் கொடுத்தார். அத்தான் குறி பார்த்து இழுத்தார். க்ளிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே இருந்தது மருந்தில்லாத வெற்று ரவை. ஆனால் சுடாத துவக்கு அவர் கையில் ஓரடி குதித்தது, தோள் முன்னுக்குப் பாய்ந்தது, இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"உந்தத் துவக்குக்குப் பயந்துகொண்டு சுடப்போறியள்" என்றாள். "நெஞ்சில படவேண்டியது வயித்தில படும். அந்தச் சீவன் காட்டுக்குள்ள ஓடிப்போய் சாகவும் ஏலாமல் கிடக்கும். ஊரில சண்டைக்குள்ள வயித்தில வெடி பட்டு ரெண்டு நாள் கிடந்த ஆக்களை நானும் பாத்தனான், நீங்களும் பாத்தனீங்கள். உங்கடை மானத்துக்காக அது அப்பிடிக் கிடக்கவேணுமே?"

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. துவக்கைப் பெட்டிக்குள் வைத்தார், காரில் ஏறினார், வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. நாடியைப் பிடித்துப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

அடுத்த நாள் புவாண்ட்-கிளேர் கடைக்குத் தனியாகப் போய் மக்னத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்காரன் மகளுக்கு வாங்கிக் கொடுத்த அதே 7 எம்.எம்.-08ஐ எடுத்து வந்தார். ஒரு பவுனும் ஒரு கிராமும். பயம் உடனே போகவில்லை. முதலில் வெற்று ரவையோடு பழகினார். பிறகு ஒரு நாளைக்குப் பத்துச் சூடு மட்டும். அந்தத் துவக்கு தோளைத் தட்டியதே தவிர அடிக்கவில்லை. மெல்ல மெல்லக் கண் திறந்தது.

புரட்டாதிக் கடைசியில் கிறவல் கிடங்கு. றெஜான் துவக்கைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"நிக்கோலா, இது காடைக்கா, மூஸுக்கா? என் மருமகளும் இதைத்தான் வைத்திருக்கிறாள்."

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கஸ்தோன் மட்டும் சிரிக்கவில்லை. தன்னுடைய மக்னத்தைக் காரை விட்டு வெளியே எடுக்காமல், நடுவராக ஒரு மடக்குக் கதிரையில் இருந்து தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் மூன்று சூடு சுட்டார். மூன்றும் கோப்பைக்குள், அதிலும் இரண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி. கஸ்தோன் எழுந்து போய்க் கோப்பையைக் கழற்றி வந்து அத்தானிடம் கொடுத்தார். "வேட்டைக்காரன்" என்றார். அத்தான் அந்தக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்து மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

இனி நடந்ததை அத்தான் எனக்கு ஏறக்குறைய மூன்று வருடம் கழித்துத்தான் சொன்னார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்த மூன்று வருடம் எவ்வளவு நீளம் என்று விளங்கும்.

ஒக்ரோபரில் காட்டுக்குப் போய் நாலாம் நாள் காலை, கஸ்தோனும் அத்தானும் ஒரு சிறு குளக்கரையில் கிளைகளால் மறைப்புக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்தது. கஸ்தோன் மரப்பட்டைக் குழலில் பெண் மூஸ் மாதிரி முனகினார். ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு எதிர்க்கரையில் மரங்கள் முறிகிற சத்தம் கேட்டது. கொம்பை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டு ஒரு மூஸ் கிடாய் வெளியே வந்து, தண்ணீரில் முன்னங்கால் வைத்து, பக்கவாட்டில் நின்றது. எழுபது மீற்றர்.

அத்தான் துவக்கை உயர்த்தினார். நெஞ்சு ஸ்கோப்புக்குள் வந்துவிட்டது. கண் திறந்திருந்தது. முதல் சூடு தலைவருக்கு என்பது அவர்கள் வழக்கம், அதனால் ஓரக்கண்ணால் கஸ்தோனைப் பார்த்தார். கஸ்தோனின் மக்னம் தோளில் இருந்தது, ஆனால் துவக்குக் குழலின் நுனி ஆடிக்கொண்டிருந்தது. தாடை இறுகியிருந்தது. இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

அத்தானுக்கு அந்த முகம் தெரியும். ஒரு மாதத்துக்கு முன் அது அவருடைய முகம்.

கஸ்தோன் கண்ணைத் திறந்து, துவக்கை இறக்கி, முழங்காலில் வைத்தார். தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடமாக அவர் ஒன்றையும் சுட்டு விழுத்தவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் காயப்படுத்திய ஒன்றைத் தேடி இரண்டு நாள் அலைந்தும் கிடைக்கவில்லை. 'கிழவர் முடிந்துபோனார்' என்று றெஜான் கழிப்பறையில் சொன்னதை அத்தானும் கேட்டிருக்கிறார். இப்போது கஸ்தோன் அத்தானைப் பார்த்து, அவருடைய துவக்குக்குக் கையை நீட்டினார்.

பதினொரு வருடம். கோப்பையில் மூன்று ஓட்டை. நெஞ்சு ஸ்கோப்புக்குள் நிற்கிறது. "நான் இழுத்திருந்தா விழுந்திருக்குமடா" என்று பிறகு எனக்குச் சொன்னார். ஆனால் துவக்கைக் கொடுத்தார்.

கஸ்தோன் அந்தச் சின்னத் துவக்கைக் கன்னத்தில் வைத்தபோது கை ஆடவில்லை. ஒரு சூடு. கிடாய் ஒன்றும் நடக்காதது போல இருபது அடி நடந்தது, நின்றது, பிறகு முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. கஸ்தோன் சுட்ட ரவையின் வெற்றுக் கோதை எடுத்துத் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு துவக்கைத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நன்றி என்றும் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். கூச்சல், கட்டிப்பிடிப்பு, பிராந்தி. கிழவர் சுட்டுவிட்டார், மக்னம் என்றால் மக்னம்தான் என்று ஒரே ஆரவாரம். தோல் உரிக்கும்போது றெஜான் மற்றப் பக்கத் தோலுக்கு அடியில் இருந்து சன்னத்தை எடுத்தான். காளான் மாதிரி விரிந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான்.

"கஸ்தோன், இது இருநூறு கிறெயினா? சின்னனாக இருக்கிறதே."

கஸ்தோன் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். றெஜான் அத்தான் பக்கம் திரும்பினான்.

"நிக்கோலா, உண்மையைச் சொல். நீயா சுட்டாய்?"

அத்தான் வாயைத் திறந்தார். ஊரெல்லாம் சொல்லித் திரிய அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெரிய கதை நாக்கு நுனியில் நின்றது.

"நானோ? நான் அப்ப கோப்பி ஊத்திக்கொண்டு நிண்டனான்" என்றார். "சத்தத்தில பாதி காலில ஊத்துப்பட்டுப் போச்சு."

சிரிப்பு வெடித்தது. சன்னத்தை யாரும் பிறகு பார்க்கவில்லை. கஸ்தோன் வந்து அத்தானுக்கு ஒரு கோப்பை பிராந்தி வார்த்துக் கொடுத்து, அடுத்த வருடம் எந்தத் திகதியில் லீவு போடவேண்டும் என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்து என்ன பாடு பட்டார் தெரியுமா? மண்டபத்தில் அவர் கொண்டுவந்த மூஸ் இறைச்சிக் கறியைச் சப்பிக்கொண்டே விமலநாதன் கேட்டார்: "அப்ப நீர் உந்தப் பொம்பிளைத் துவக்கைக் கொண்டுபோய் என்னதான் செய்தனீர்?" அத்தான் சிரித்துச் சமாளித்தார். நானும் அவரைக் கேலி செய்தேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் வருடம் போனார், மூன்றாம் வருடமும் போனார். 2009 வைகாசியில் கஸ்தோன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்கு அத்தானைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். பூசை முடிந்து மண்டபத்தில் சான்ட்விச் சாப்பிடுகிற நேரத்தில் கஸ்தோனின் மனைவி, சிறிய உருவம், வெள்ளைத் தலை, அத்தானிடம் வந்தாள். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"நீதானே நிக்கோலா? அவருடைய கடைசி மூஸைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நீதான். இவர்களுக்குச் சொல்லு."

அத்தான் சொன்னார். உடைந்த பிரெஞ்சில், கையையும் காலையும் ஆட்டி, பனியில் இருந்து தொடங்கினார். கிடாயின் கொம்பு மண்டபத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் முட்டியது. கஸ்தோன் மக்னத்தை உயர்த்தினார், கை மலைபோல அசையவில்லை, இருநூறு கிறெயின் சன்னம் இடிபோலப் போனது. தான் கோப்பியைக் காலில் ஊற்றிக்கொண்டு குதித்ததை நடித்துக் காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். றெஜான்கூட மூக்கைச் சிந்தினான். அத்தான் வாழ்க்கையில் சொன்ன கதைகளில் இவ்வளவு நன்றாக ஒன்றையும் நான் கேட்டதில்லை.

காரில் ஏறியதும் கதவைச் சாத்தினார். நான் சாவியைத் திருப்பினேன்.

"கொஞ்சம் பொறடா பற்றிக்" என்றார். "அது என்ரை துவக்கு."

பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, சேர்ட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.